பழைய 8×16 பிக்சல் எழுத்துருவை நிரல் எழுதத் தகுந்தபடி மாற்றுதல்: தமிழும் அதே கட்டத்தில் அடங்குமா?

வடசேரி நிரலர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில் வடசேரியில் வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதும் வேலை செய்கிறேன். கடந்த சில மாதங்களாக மாலை நேரங்களில் ஓர் எழுத்துரு வேலையில் இறங்கியிருக்கிறேன். ஒரு கட்டத்தில் சிக்கிக்கொண்டதால் இங்கே கேட்கிறேன்.

1987-இல் ஐபிஎம் வெளியிட்ட விஜிஏ (VGA) என்ற திரை அட்டையின் உரைத்திரை எழுத்து பலருக்கும் நினைவிருக்கும். கருந்திரையில் 80 பத்தி (நெடுவரிசை), 25 வரி. ஓர் எழுத்துக்கு 8 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம். ஒரு வரிசைக்கு ஒரு பைட்டு என்று ஓர் எழுத்துக்கு 16 பைட்டு, 256 எழுத்துக்கு மொத்தம் 4096 பைட்டு. இன்று ஒரு சிறிய படத்துக்குக்கூடப் போதாத அந்த இடத்துக்குள் ஒரு முழு எழுத்துக் குடும்பமே குடியிருந்தது. பள்ளிக் கணினி அறையில் பார்த்த அந்த எழுத்தை இன்றைய எடிட்டரில் (நிரல் எழுதும் செயலியில்) திரும்பப் பார்க்க வேண்டும் என்பதுதான் தொடக்க ஆசை.

அப்படியே எடுத்து வைத்தால் நிரல் எழுத உதவாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. சுழியம் நன்றாகவே இருக்கிறது. நடுவில் புள்ளி வைத்திருப்பதால் ஆங்கிலப் பெரிய ஓவோடு (O) குழம்பாது:

··■■■···
·■■·■■··
■■···■■·
■■···■■·
■■·■·■■·
■■·■·■■·
■■···■■·
■■···■■·
·■■·■■··
··■■■···

ஆனால் பெரிய ஐ (I) எழுத்துக்கும் சிறிய எல் (l) எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தேடிப் பார்த்தால், உச்சி வரிசையில் ஒரே ஒரு பிக்சல்தான். பெரிய ஐக்கு மேலே நான்கு பிக்சல், சிறிய எல்லுக்கு மூன்று. மீதி ஒன்பது வரிசையும் அச்சு அசலாக ஒன்றே. அந்த ஒரு பிக்சலை நம்பி நள்ளிரவில் பிழை தேட என்னால் முடியாது. ஆகவே எல்லின் அடிக்கட்டையை எடுத்துவிட்டு வலப்பக்கம் வளைத்துவிட்டேன். காற்புள்ளியின் வாலை ஒரு வரிசை நீட்டினேன். வளைந்த அடைப்புக்கும் சதுர அடைப்புக்கும் இடையே இருந்த ஒற்றுமையைக் குறைத்தேன். இவ்வளவும் முடிந்தது.

சிக்கல் இரண்டு. ஒன்று, எழுத்துரு வரையும் ஃபாண்ட்ஃபோர்ஜ் செயலியில் ஒரு பிக்சலுக்கு 64 அலகு, மொத்த உயரம் 1024 அலகு என்று வரைந்து என் மடிக்கணினியில் 16 அளவில் வைத்தால் எழுத்து கூர்மையாக வரவில்லை. சில கால்கள் தடித்தும் சில மெலிந்தும் தெரிகின்றன. இரண்டு, தமிழ். தோவாளையில் பூ மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிரலுக்குள்ளேயே பிச்சி, கேந்தி, அரளி என்று தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. என் எழுத்துருவில் தமிழ் இல்லாததால் எடிட்டர் வேறொரு எழுத்துருவை அந்த இடத்தில் கொண்டுவந்து வைக்கிறது; சதுரச் சதுரமான வரிக்கு நடுவே வழுவழுப்பான தமிழ் எழுத்து வந்து நிற்பது, ஓட்டு வீட்டுக்கு நடுவில் ஒரு சுவருக்கு மட்டும் கண்ணாடி பதித்ததுபோல் இருக்கிறது. 8×16-க்குள் தமிழை வரைந்தவர்கள் யாரேனும் உண்டா?

தக்கலை அச்சகத்தார்

முதலில் ஒரு கேள்வி, தம்பி. ஐபிஎம் எழுத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்? இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் பழைய கணினி எழுத்துருத் தொகுப்பிலிருந்து எடுத்திருந்தால், அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றிய வடிவத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். டெர்மினஸ் போன்ற பிக்சல் எழுத்துருக்கள் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபாண்ட் உரிமத்தில் உள்ளன. அதில் மாற்றலாம், பகிரலாம். ஆனால் ஒதுக்கப்பட்ட பெயரை மாற்றிய எழுத்துருவுக்கு வைக்கக் கூடாது. ஒன்றிலிருந்து ஆங்கில எழுத்து, இன்னொன்றிலிருந்து கோடுகள் என்று கலந்து தைத்தால் எந்த உரிமத்தில் வெளியிடுவது என்பதே புதிராகிவிடும். அச்சகத்தில் முப்பது ஆண்டு எழுத்துரு வாங்கியும் வாங்காமலும் பட்ட பாட்டில் சொல்கிறேன்: வரைவதற்கு முன்னே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு பிக்சலையும் தனிச் சதுரமாக விட்டிருக்கிறீர்களா? அப்படியானால் பெரிதாக்கும்போது சதுரங்களுக்கு இடையே மயிரிழைபோல் வெள்ளைக் கோடு தெரியும். அடுத்தடுத்த சதுரங்களை ஒன்றாக இணைத்து ஒரே வெளிக்கோடாக்க வேண்டும்.

பழைய பிடிஎஃப் (BDF; ஆவணங்களுக்கான PDF அல்ல, எழுத்தைப் பிக்சல்களாகவே சேமிப்பது) வடிவத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். லினக்ஸில் பல செயலிகள் எழுத்தை வரையப் பயன்படுத்தும் பாங்கோ நூலகம், 2019-இல் வந்த 1.44 பதிப்போடு அந்த வகைக் கோப்புகளைக் கைவிட்டுவிட்டது. பிட்மேப்பை ஓப்பன்டைப் உறைக்குள் போட்டால்தான் அங்கே திறக்கும்.

வடசேரி நிரலர்

நல்ல நேரத்தில் சொன்னீர்கள், அண்ணாச்சி. எல்லா எழுத்தையும் என் கையாலேயே கட்டத்தாளில் வரைந்திருக்கிறேன். பழையதைப் பார்த்துக்கொண்டு வரைந்தேன் என்பது உண்மை, கோப்பிலிருந்து எதையும் வெட்டி ஒட்டவில்லை. வெள்ளைக் கோடு எனக்கும் தெரிந்தது. திரையில் தூசி என்று நினைத்து இரண்டு முறை துடைத்தேன்.

கோட்டாறு மின்பலகை

பேருந்துகளின் நெற்றியில் எரியும் எல்இடி பலகைகளைப் பழுது பார்ப்பதும் அவற்றுக்கு எழுத்து ஏற்றுவதும் என் தொழில். உங்கள் முதல் சிக்கலுக்குக் கணக்கே விடை சொல்லிவிடும். உங்கள் மடிக்கணினியில் திரையில் தெரிபவற்றின் பெரிதாக்க அளவு 125 சதவீதத்தில் இருக்கும், பாருங்கள். 15 அங்குலத் திரையுள்ள மடிக்கணினி பலவற்றை அப்படி வைத்துத்தான் தருகிறார்கள். எடிட்டரில் 16 என்று கொடுத்தால் திரையில் அது 20 பிக்சல் ஆகிறது. 8 பத்தி எழுத்து 10 பத்தியில் பரவ வேண்டும். ஒரு பத்தியை ஒன்றேகாலாக யாராலும் ஏற்ற முடியாது. நான்கில் ஒரு பத்தி இரட்டிக்கும், அல்லது ஓரங்கள் சாம்பல் நிறத்தில் கரையும். பலகையில் விளக்கு ஒன்று எரியும், அல்லது எரியாது. கால் விளக்கு என்று எதுவும் இல்லை. பிக்சல் எழுத்துரு முழு மடங்கில் மட்டும்தான் நேர்மையாக இருக்கும்.

தீர்வு வேண்டுமானால், எடிட்டரில் 12.8 என்று கொடுங்கள். 125 சதவீதத்தில் அது சரியாக 16 பிக்சல். பெரிதாக வேண்டுமானால் 25.6, அது 32. எடிட்டர் தசம அளவை ஏற்றுக்கொண்டால் போதும்.

தமிழைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தொழிலின் தொடக்கத்தில் நான் எழுத்து ஏற்றிய ஒரு பலகையில் ‘ர’வுக்கு வால் வைக்க அடியில் வரிசை இல்லை, வாலை வெட்டிவிட்டேன். நாகர்கோவில், மார்த்தாண்டம் எல்லாம் புள்ளியின் தயவில் தப்பித்துக்கொண்டன. குலசேகரம் மட்டும் ‘குலசேகாம்’ ஆகிவிட்டது. ஓட்டுநர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நடத்துநர் இன்றுவரை என்னைப் பார்த்தால் “சேகாம் எப்போ போவும்?” என்று கேட்கிறார். ‘ர’வுக்கும் காலுக்கும் (‘ா’) இடையே நிற்பது அந்த வால் ஒன்றுதான். 16 வரிசையில் மேலே புள்ளிக்கும் விலங்குக்கும் (‘ி’, ‘ீ’) இடம் விட்டு, கீழே வாலுக்கும் இடம் விட்டு, நடுவில் உடலுக்கு என்ன மிஞ்சுகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

மார்த்தாண்டம் தட்டச்சு

நான் கணினிக்காரன் அல்லன். தட்டச்சுப் பயிலகம் நடத்தி ஓய்வு பெற்றவன். பேரன் இந்த இழையைக் காட்டினான். தமிழ் ஒரே அகலத்தில் நிற்குமா என்று நீங்கள் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆர். முத்தையா அமைத்த தட்டச்சுப் பொறியிலிருந்து தமிழ் அப்படித்தானே நின்றுகொண்டிருந்தது? விசை ஒன்றை அடித்தால் வண்டி ஒரு படி நகரும். ‘ர’வுக்கும் ஒரு படி, ‘ண’வுக்கும் ஒரு படி. கொம்புக்குத் (‘ெ’) தனி விசை, காலுக்குத் தனி விசை. புள்ளிக்கு நகரா விசை. அடித்தால் வண்டி அசையாது, அதன்மேல் எழுத்து வந்து விழும். அந்தப் பொறியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அரசுத் தேர்வு எழுதித் தேறியிருக்கிறார்கள். ஒருவரும் ‘ண’ குறுகலாக இருக்கிறது என்று விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

ஆனால் ஒன்று. ‘ர’ தன் படியில் கொஞ்சம் அகன்று உட்கார்ந்திருக்கும், ‘ண’ ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். ஆங்கிலப் பொறியில் சிறிய ஐக்குக் (i) கீழே கட்டை போட்டு அகலப்படுத்தியதும் எம் (m) எழுத்தை ஒடுக்கியதும் போலத்தான் இதுவும். நீங்கள் கணினியில் இருக்கும் தமிழ் எழுத்தைப் பார்த்து அதை நசுக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தட்டச்சு எழுத்தைப் பார்த்து வரையுங்கள்.

வடசேரி நிரலர்

சார், உங்கள் பதிவைப் படித்த அன்றிரவே கட்டத்தாளை எடுத்து உட்கார்ந்தேன். எண்ணிப் பார்த்ததைச் சொல்கிறேன். ‘ண’வில் கோடுகளை ஒரு பிக்சலுக்குக் குறைத்தாலும், செங்குத்துக் கோடு ஐந்து, அவற்றுக்கு இடையே வெளி நான்கு, ஆக 9 பத்தி. என்னிடம் இருப்பது 8. அதிலும் அடுத்த எழுத்தோடு ஒட்டாமலிருக்க ஒரு பத்தியை வெறுமையாக விட வேண்டும், ஆக 7. ஒரு சுழியை விழுங்கினால் ‘ண’ ‘ன’ ஆகிவிடும். மனமும் மணமும் ஒன்றாகிவிடும். பூ வியாபாரக் கணக்கில் அது பெரிய இழப்பு.

இன்னொரு சங்கடமும் தெரிந்தது. விஜிஏ எழுத்தின் செங்குத்துக் கால்கள் இரண்டு பிக்சல் தடிமன். அதுதான் அந்த எழுத்தின் அழகே. ஒற்றைப் பிக்சலில் வரைந்த தமிழ் அதற்குப் பக்கத்தில் நோஞ்சானாக நிற்கிறது.

தமிழுக்கு மட்டும் இரண்டு கட்டம், அதாவது 16×16 கொடுத்துவிட்டால் என்ன என்று யோசிக்கிறேன். யூனிஃபான்ட் என்ற பிக்சல் எழுத்துருத் திட்டத்திலும் ஓர் எழுத்து 8 பத்தியில் அடங்காவிட்டால் 16 பத்தி கொடுக்கிறார்கள். அதன் மூலக் கோப்பில் ஓர் எழுத்து ஒரு வரிதான், 32 பதினாறடிமான இலக்கம் அல்லது 64.

குழித்துறை மாணவி

அண்ணா, இரண்டு கட்டம் என்பது எடிட்டரில் சரிப்படலாம். அங்கே எழுத்துரு சொல்லும் அகலத்தையே பெரும்பாலும் நம்புகிறார்கள். டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் சாளரத்தில்) நடக்காது. டெர்மினல் எழுத்துருவைக் கேட்பதே இல்லை. யூனிகோடின் பண்பு அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு குறிக்கும் எத்தனை கட்டம் என்று தானே முடிவு செய்கிறது. சீன எழுத்துக்கு இரண்டு கட்டம் என்று அந்த அட்டவணையில் இருக்கிறது. தமிழுக்கு அப்படி இல்லை. ‘க’வுக்கு ஒன்று, ‘ண’வுக்கும் ஒன்று.

எழுத்தோடு சேரும் கால், கொம்பு, புள்ளி போன்ற சார்குறிகளில்தான் விசித்திரம். யூனிகோடு தமிழ்ச் சார்குறிகளை இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறது: இடம் பிடிப்பவை, இடம் பிடிக்காதவை. புள்ளி இடம் பிடிக்காதது; அது நியாயம். கால், கொம்பு எல்லாம் இடம் பிடிப்பவை, அதுவும் நியாயம். மேல்விலங்கு ‘ி’ இடம் பிடிப்பது, ஆனால் சுழித்த மேல்விலங்கு ‘ீ’ இடம் பிடிக்காதது! ஆகவே பழைய வழக்கப்படி எண்ணும் டெர்மினலில் ‘கி’க்கு இரண்டு கட்டம், ‘கீ’க்கு ஒரே கட்டம். குறிலுக்கு இரண்டு, நெடிலுக்கு ஒன்று. தொல்காப்பியர் மாத்திரை சொன்னதற்கு நேர்தலைகீழாக.

உங்கள் பூப் பட்டியலையே எடுத்துப் பார்த்தேன். ‘பிச்சி’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஆறு குறி, டெர்மினலுக்கு ஐந்து கட்டம். ‘கோழிக்கொண்டை’ ஆறு எழுத்து, பன்னிரண்டு குறி, பத்துக் கட்டம். ‘தாமரை’ மூன்று எழுத்து, ஐந்து குறி, ஐந்து கட்டம். பைத்தான் நிரல்மொழியில் 12 இடத்துக்கு இடப்பக்கம் ஒழுங்குபடுத்தச் சொன்னால் அது குறிகளைத்தான் எண்ணுகிறது. அதனால் தாமரையின் விலை சரியான இடத்தில் நிற்கும், பிச்சியின் விலை ஒரு கட்டம் உள்ளே ஏறும், கோழிக்கொண்டையின் விலை இரண்டு கட்டம் ஏறும். சொல்லில் எத்தனை புள்ளியும் ‘ீ’யும் உண்டோ அத்தனை கட்டம். இது எழுத்துருவின் குற்றம் அல்ல. நிரலில்தான் சரிசெய்ய வேண்டும்.

வடசேரி நிரலர்

தங்கையே, நான்கு மாதமாக அந்த விலைப் பத்தி ஏன் படிக்கட்டுபோல் நிற்கிறது என்று எழுத்துருவைத் திட்டிக்கொண்டிருந்தேன். எழுத்துருவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிரலில் கட்டங்களை எண்ணும்படி மாற்றிவிட்டேன். கேந்தி, அரளி, பிச்சி எல்லாவற்றின் விலையும் இப்போது ஒரே கோட்டில் நிற்கின்றன.

இரணியல் பழைமைவிரும்பி

இழையின் போக்கில் எனக்கு உடன்பாடு இல்லை, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். விஜிஏ எழுத்துருவை விஜிஏ எழுத்துருவாகவே வைத்திருங்கள். அந்தத் திரையில் 720×400 பிக்சல் 4:3 கண்ணாடியில் நீண்டு தெரிந்தது. ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட உயரமாக இருந்தது, ஏறத்தாழ ஒன்றுக்கு 1.35. இன்றைய சதுரப் பிக்சலில் வரைந்தாலே பாதி அழகு போய்விடுகிறது. எட்டுப் பத்தி எழுத்தை ஒன்பது பத்தி கட்டத்தில் வைத்து, ஒன்பதாவதை வெறுமையாக விட்டு, 192 முதல் 223 வரையிலான குறிகளுக்கு மட்டும் எட்டாவது பத்தியையே ஒன்பதாவதிலும் திரும்ப வரைந்து கட்டக்கோடுகள் அறுபடாமல் ஓடச் செய்தார்களே, அந்தப் புத்திசாலித்தனத்தை எல்லாம் விட்டுவிட்டுத் தமிழை ஏன் அதற்குள் திணிக்க வேண்டும்? அந்த 256-இல் தமிழ் இருந்ததே இல்லை. நிரலில் மாறிகளின் (variable) பெயர்களை ஆங்கிலத்தில் வையுங்கள், தமிழ்ச் சொற்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். லினக்ஸின் வெறும் கன்சோலில் (வரைகலை இல்லாத உரைத்திரையில்) இன்றும் 512 உருவத்துக்கு மேல் ஏற்ற முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

குழித்துறை மாணவி

அண்ணா, 512 போதும். தமிழில் 247 எழுத்து, ஆங்கில விசைப்பலகையின் குறிகள் 95, கூட்டினால் 342. கன்சோலில் தமிழ் வராததற்குக் காரணம் இடப் பற்றாக்குறை அல்ல. இரண்டு மூன்று குறிகளைச் சேர்த்து ஓர் உருவமாக்கவோ கொம்பை எழுத்துக்கு முன்னே கொண்டுவரவோ அதற்குத் தெரியாது. எடிட்டர்களில் அந்த வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற நூலகம் செய்கிறது.

மாறிப்பெயர்களைப் பற்றியும் ஒன்று. 2008-இல் வந்த பைத்தான் 3 முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அதைவிட, ஐ, எல், 1 குழப்பத்துக்குத் தீர்வு தேடும் எழுத்துரு தமிழின் குழப்பத்தைக் கவனிக்க வேண்டாமா? தமிழ் எண் ௧-ஐயும் ‘க’வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ௭-உம் ‘எ’யும், ௮-உம் ‘அ’வும், ௨-உம் ‘உ’வும் அப்படியே. ‘கக’ என்றும் ‘க௧’ என்றும் இரண்டு மாறிகளைப் பைத்தான் வேறு வேறாக ஏற்றுக்கொள்ளும், கண் ஏற்றுக்கொள்ளாது. ‘௧௨’ என்ற சரத்தை எண்ணாக மாற்றச் சொன்னால் பைத்தான் 12 என்று தயங்காமல் தரும். ‘கௌ’வில் வலப்பக்கம் நிற்கும் குறியும் ‘ள’வும் ஒரே உருவம் என்பது தனிக் கதை. இவற்றைப் பிரித்துக் காட்டுவது யார் வேலை?

இரணியல் பழைமைவிரும்பி

௧-ஐப் பற்றிச் சொன்னது சரியான அடி. அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனாலும் இரண்டு பிக்சல் கால்களை விட்டுக்கொடுத்துவிட்டு அதை விஜிஏ என்று அழைக்காதீர்கள்.

கோட்டாறு மின்பலகை

அழைக்க வேண்டாமே. வடசேரித் தம்பி, இரண்டு நாளாக ஒரு கணக்கு மனத்தில் ஓடுகிறது. ‘ண’வுக்கு 9 பத்தி, இடைவெளி 1, ஆக 10. உங்கள் திரை 16-ஐ 20 ஆக்குகிறது. 8×16-ஐ விட்டுவிட்டு 10×20 கட்டத்தில் வரைந்தால்? எடிட்டரில் 16 என்று கொடுத்தாலே திரையில் ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல் வந்து உட்காரும். 12.8 என்ற கணக்கெல்லாம் வேண்டாம். உங்களுக்குக் கோணலாகத் தெரிந்த அந்தக் கால் பங்குதான் தமிழுக்கு வேண்டிய இடம்.

வடசேரி நிரலர்

இதைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஆங்கிலத்துக்கு என்று ஒரு கட்டத்தை முடிவு செய்துவிட்டு அதற்குள் தமிழை அடக்கப் பார்த்ததுதான் என் பிழை. ‘ண’விலிருந்து தொடங்கி, அதற்கு வேண்டிய கட்டத்தை அமைத்து, ஆங்கிலத்தை அதற்குள் வரைந்தால் ஆங்கிலம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அடங்கிவிடுகிறது.

ஒரு வார வேலையின் முடிவு இது. ஒரு பிக்சலுக்கு 50 அலகு, மொத்தம் 1000. 20 வரிசையில் மேலே 5 விலங்குக்கும் புள்ளிக்கும், நடுவில் 10 உடலுக்கு, கீழே 4 வாலுக்கும் ‘ழு’, ‘ஞு’ போன்றவற்றின் அடிச்சுற்றுக்கும், கடைசி 1 வெறுமை. ஆங்கிலத்தின் கால்களையும் ஒற்றைப் பிக்சலாக்கிவிட்டேன். இரணியல் நண்பருக்கு வருத்தம் இருக்கும், எனக்கும் ஒரு நாள் முழுக்க இருந்தது. ‘ர’வுக்கு மூன்று வரிசை நீளமான வால், குலசேகரம் குலசேகரமாகவே இருக்கும். ௧-இன் வாலை வலப்பக்கம் கட்டத்தின் ஓரம்வரை இழுத்து ஒரு பிக்சல் மேலே தூக்கிவிட்டேன். ‘க’ அடியில் அடங்கி நிற்கிறது.

‘கொ’ கொஞ்சம் அலைக்கழித்தது. டெர்மினல் அதற்கு இரண்டு கட்டம்தான் தருகிறது, அதாவது 20 பத்தி. கொம்பு, எழுத்து, கால் என்று மூன்று உருவம் மூன்று கட்டம் கேட்கின்றன. கொம்புக்கு 4, எழுத்துக்கு 9, காலுக்கு 4, ஒவ்வொன்றுக்கும் பின்னால் இடைவெளி 1 என்று வைத்தால் சரியாக 20. ‘ணொ’கூட அடங்குகிறது. நான்கு பத்தியில் இரட்டைக்கொம்பின் மேல்சுழி தெளிவாகத் தெரிய உயரத்தைப் பயன்படுத்திக்கொண்டேன்.

அடங்காதது ‘ணீ’. ஒரே கட்டம், ‘ண’ 9 பத்தியையும் எடுத்துக்கொண்டுவிட்டது, சுழித்த விலங்கு வலப்பக்கம் போக இடமே இல்லை. தலைக்கு மேலேயே இடப்பக்கமாகச் சுருட்டிப் பார்த்தேன். தொப்பி வைத்ததுபோல் இருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன்.

மார்த்தாண்டம் தட்டச்சு

படத்தைப் பார்த்தேன், தம்பி. இடப்பக்கம் சுருட்டாதீர்கள், கை எழுதும் திசைக்கு எதிராகப் போனால் கண் ஒத்துக்கொள்ளாது. ‘ண’வின் கடைசிக் காலிலிருந்து விலங்கைத் தொடங்காமல், நடு வளைவுக்கு மேலே தொடங்கி வலப்பக்கம் கொண்டுபோய் ஓரத்தில் சுழியுங்கள். விலங்கு எழுத்தைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு வரிசை இடைவெளி இருந்தாலும் படிக்கிறவர் சேர்த்துத்தான் படிப்பார். பொறியில் நாடா தேய்ந்துபோன நாள்களில் பாதி விலங்கு பதியாமல் வரும், அதையும் படித்தோம்.

ஒரு வேண்டுகோள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது மாறிய 13 எழுத்தின் பழைய வடிவங்களையும் ஒரு மாற்று உருவாகச் சேர்க்க முடியுமா? தும்பிக்கை வைத்த ‘லை’யை எழுதியே பழகிய கை இது.

வடசேரி நிரலர்

சார் சொன்னபடி நடு வளைவுக்கு மேலே தொடங்கினேன், ‘ணீ’ நிற்கிறது. ‘தண்ணீர்’ என்று பத்து வரி அடித்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் படித்தார். தும்பிக்கை ‘லை’யைக் கட்டாயம் முயல்வேன், ‘ணை’யின் தும்பிக்கைக்கு இடம் இருக்குமா என்பதை வரைந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கட்டக்கோடுகள் 20 வரிசையையும் முழுதாகத் தொடுகின்றன. எடிட்டரில் வரி உயரத்தை எழுத்தின் உயரத்துக்குச் சமமாக வைக்க வேண்டும், இல்லையென்றால் அறுந்து தெரியும். உரிமம் ஓப்பன் ஃபாண்ட். பெயர் இன்னும் வைக்கவில்லை.

தக்கலை அச்சகத்தார்

100 சதவீதத் திரை வைத்திருப்பவர்கள் 20 என்று கொடுக்க வேண்டும், 200 சதவீதத் திரை வைத்திருப்பவர்கள் 10 அல்லது 20 என்று கொடுக்க வேண்டும். 150 சதவீதத்துக்கு 13.33. இதைக் கோப்போடு வரும் குறிப்பில் முதல் வரியாகப் போடுங்கள். இல்லையென்றால் “எழுத்து மங்கலாக இருக்கிறது” என்று நாளுக்கு ஒருவர் இங்கே வந்து புதிய இழை தொடங்குவார்.

இரணியல் பழைமைவிரும்பி

இரண்டு பிக்சல் கால்களோடு தடித்த வடிவம் ஒன்று வரையும் எண்ணம் உண்டா? உண்டென்றால் ஆங்கிலப் பகுதியை நான் வரைந்து தருகிறேன். ‘ண’வை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.